வயரில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரில் அலாரம் மாட்டும் தொழிலுக்கு வந்திருக்கிறாய். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பார்த்திருப்பாய்: ஒரே நீளம், ஒரே தடிமன், ஆனால் ஒரு காயில் மட்டும் மிக மலிவு. வீட்டுக்காரர் கொட்டேஷனைக் குறைக்கச் சொல்லும்போது கை அந்தப் பக்கம்தான் போகும். வயரில் மிச்சம் பிடிக்கலாம், தப்பில்லை. எந்த வயரில் என்பதுதான் விஷயம்.

அந்த மலிவுக் காயில் பெரும்பாலும் சி.சி.ஏ.தான். உள்ளே அலுமினியம், மேலே தாமிரப் பூச்சு. கம்பியை பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். தூக்கிப் பார்த்தாலே குட்டு வெளிப்படும்; அலுமினியம் தாமிரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஸ்க்ரூவில் மாட்டி நாலு தரம் வளைத்தால் ஒடியும். மின்தடை தாமிரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

அதனால் என்ன என்கிறாயா? கணக்குப் போடு. பேனலிலிருந்து 30 மீட்டர் தள்ளி மொட்டைமாடியில் ஒரு 12 வோல்ட் சைரன். ஒரு ஆம்பியர் இழுக்கிறது. கரண்ட் போய்த் திரும்ப வேண்டுமே, ஆக 60 மீட்டர் கம்பி. அரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) தாமிரத்தில் சுமார் 2.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே அளவு சி.சி.ஏ.யில் மூன்றரை வோல்ட். கரண்ட் கட்டாகி, பேட்டரியும் இறங்கி 11 வோல்ட்டில் நிற்கும் நேரத்தில் சைரனுக்குக் கிடைப்பது ஏழரைதான். அலறாது, முனகும். ஒன்றரை ஸ்கொயர் தாமிரம் இழுத்திருந்தால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே.

கதவில் ஒட்டும் மேக்னட் சென்சார் கதை வேறு. அதன் வழியே ஓடுவது சில மில்லிஆம்பியர்தான். அங்கே மெல்லிய தாமிர வயரே தாராளம். கேட்-6 கேபிளில் மிஞ்சிய துண்டுகூடப் போதும். பத்து ஜன்னலுக்கும் தடித்த வயர் இழுப்பதுதான் வீண் செலவு. கரண்ட் சுமக்கும் வயருக்குத் தடிமன் கொடு, செய்தி மட்டும் சுமப்பதை மெலிதாக விடு. இரண்டிலும் தாமிரம்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு மிச்சம் பேனல் வைக்கும் இடத்தில். அதை வீட்டின் நடுவாக்கில் வைத்தால் எல்லா ஓட்டமும் குறையும். பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்புத் தரையை வெட்ட யாரும் விடமாட்டார்கள். பைப் எந்த வழியாகப் போகும் என்று நடந்து பார்த்து, டேப் பிடித்து அளந்த பிறகு கடைக்குப் போ. காயில் மேல் 90 மீட்டர் என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று படித்து, மீட்டர் விலையை வைத்து ஒப்பிடு.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. 230 வோல்ட் ஓடும் பைப்பிலேயே அலாரம் வயரையும் திணிக்காதே. பொய் அலாரத்தோடு போகாது. இன்சுலேஷன் கிழிந்தால் சென்சாரைத் தொடுபவருக்கு ஷாக். லைன் முடிவு ரெசிஸ்டரைச் சோம்பலில் பேனலுக்குள்ளேயே போட்டுவிடாதே. கடைசி சென்சாரில் இருந்தால்தான் நடுவில் ஷார்ட் செய்தாலும் பேனல் கண்டுபிடிக்கும்.

தீ அலாரத்தில் மலிவுப் பேச்சே வேண்டாம். அதற்கு ஐ.எஸ். 2189 என்ற தரநிலை இருக்கிறது. படிக்காமல் கை வைக்காதே. மாடிக்கு மாடி ஷாஃப்ட் வழியே வயர் ஏற்றினால், துளையைத் தீ தாங்கும் பூச்சால் அடைத்துவிட்டு வா. பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸில் 2010 பிப்ரவரி 23 அன்று தீப்பிடித்தபோது, மின் ஷாஃப்ட் வழியே ஏறிய புகை மாடிகளை நிரப்பியது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி மெயினை அணை. பேட்டரியில் சைரனை அலறவிட்டு, சைரன் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டைக் காட்டு. பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு வாங்கு. பேரம் பேசியவரே அடுத்த வீட்டுக்கு உன் நம்பரைக் கொடுப்பார்.

அன்புடன்,
இந்தத் தொழிலில் மூத்த உன் அண்ணன்