ஊதாதீர்கள், துடையுங்கள்!

கேள்வி: சின்ன வயதில் விளையாடிய டி.வி. கேம் கேசட்டுகள் பரணில் கிடைத்தன. மரியோ சம்பந்தப்பட்டதையெல்லாம் சேகரிக்க ஆசை. இவற்றுக்கு மதிப்பு உண்டா? எப்படிப் பாதுகாப்பது?
- வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: 1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேசட் ஒன்று, பிரிக்காத பெட்டியோடு 2021-இல் 20 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதற்காக மனக்கோட்டை கட்டிவிடாதீர்கள்! நம் ஊரில் புழங்கியவை பெரும்பாலும் நகல்கள். லேபிளில் '9999 இன் 1' என்றிருக்கும்; போட்டால் நாலைந்து ஆட்டமே திரும்பத் திரும்ப வரும். பெரிய காசு தேறாது. ஆனால் அந்தப் பொய் லேபிள்தான் நம் தலைமுறையின் அடையாளம், கிழியாமல் வையுங்கள்.

ஓடாவிட்டால் வாயால் ஊதுவோமே, அது வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளிருக்கும் உலோகப் பற்களை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். மலை ஈரத்துக்கு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும்.

மரியோவைப் பற்றிய துணுக்குகளையும் சேருங்கள். முதல் துணுக்கு என் கணக்கில்: 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. முழு ஆட்டமும் 40 கிலோபைட்டில் அடங்கியது இப்படிப்பட்ட சிக்கனத்தால்தான்!