அவன் போனில் நம் படம்: கல்லூரி கூடைப்பந்து அணிக்கு டிஜிட்டல் வழியே வீரர்களை ஈர்ப்பது எப்படி?

நம் கல்லூரியைப் பார்க்க விசிட் வந்து, முடிந்து கிளம்பும் பள்ளிப் பையன் விமான நிலையத்தில் கேட்டுக்குப் போய் உட்காருவதற்குள் அவனுடைய படங்கள் அவன் போனுக்கு வந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் டிஜிட்டல் வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேமராவும் எடிட்டிங்கும் பிறகு. போனைத் திறந்தால் நம் சீருடையில் தானே நிற்பதை அவன் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் பதிவிடுவான். நம் அணியில் சேர அவன் கையெழுத்துப் போடும்வரை அந்தப் படத்தை நாம் பதிவிட முடியாது, விதி அப்படி. அதனால் இந்த வேலையின் சூட்சுமமே, அவன் தானாக எடுத்துப் போட ஆசைப்படும் ஒன்றை அவன் கையில் கொடுப்பதுதான்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் டிவிஷன் ஒன்று என்ற முதல் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. பெண்கள் அணிகளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் படம் எடுக்க, வெட்டி ஒட்ட, பதிவிட ஆள் வேண்டும். மாணவ உதவியாளர்கள் இல்லாமல் பெரும்பாலான இடங்களில் இது ஓடாது. இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் எஃப்-1 மாணவ விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். நூலகத்தையும் உணவுக்கூடத்தையும் தேடிப் போகிறவர்கள் விளையாட்டுத் துறையின் கதவையும் தட்டிப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் உள்ளே போனேன்.

சேர்ந்த முதல் வாரம் கேமராவைத் தொடாதீர்கள். விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலரிடம் போய் உட்காருங்கள். ஆண்கள் கூடைப்பந்தில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் கோச் ஒரு பையனுக்குத் தனிச் செய்தி அனுப்பலாம். 2016இல் வந்த விதிப்படி அவன் பதிவுக்கு லைக் போடலாம், அதைப் பகிரலாம், கமெண்ட் எழுதக்கூடாது. தெரியாமல் போட்ட ஒரு வரியும் விதிமீறல்தான். கெல்வின் சாம்ப்சன் என்ற கோச்சின் கதையை இந்தத் துறையில் எல்லோரும் அறிவார்கள். அவர் ஓக்லஹோமாவில் இருந்தபோது அவரும் உதவியாளர்களும் வீரர்களுக்குச் செய்த 577 அழைப்புகள் விதிக்குப் புறம்பானவை என்று என்சிஏஏ முடிவு செய்தது. அடுத்து இண்டியானாவிலும் அழைப்புப் பிரச்சினை வந்தது. 2008இல் பதவி போனது, ஐந்தாண்டுத் தடையும் வந்தது. பின்னாளில் ஹூஸ்டன் அணியை 2025 இறுதிப் போட்டிவரை கொண்டுபோன அதே மனிதர்தான். விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. போன வருடம் கேட்டது இந்த வருடத்துக்குச் செல்லாது, மறுபடி கேளுங்கள்.

அடுத்து, யாருக்காக எடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அணிக்கு வேண்டிய பையன்களின் பட்டியல் ஒன்று கோச்களிடம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். பல்லாயிரம் பின்தொடர்பவர்கள் இருந்தாலும் நமக்கு வேண்டியவர்கள் அந்த இருபது முப்பது பேரும் அவர்களைச் சுற்றி இருப்பவர்களும்தான். பள்ளிப் பையன் டிக்டாக்கில் இருப்பான். அவன் அம்மா ஃபேஸ்புக்கில் இருக்கலாம். விடுதி எப்படி, படிப்பு எப்படி, அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருந்து வருபவனுக்கு 21, 22 வயதுகூட இருக்கலாம். ஒரு கல்லூரியைப் பார்த்து ஏமாந்தவனாகக்கூட இருக்கலாம். வாணவேடிக்கை வீடியோ அவனிடம் எடுபடாது. களத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கும், அவன் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள் என்றுதான் பார்ப்பான். வெளிநாட்டுப் பையன் என்றால் நேரத்தைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரிக்குப் பாட்டி மில்ஸ், மாத்யூ டெல்லவடோவா என்று ஆஸ்திரேலியர்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள். அப்படி ஒரு நாட்டிலிருந்து வீரரைத் தேடும் அணி, அந்த ஊரின் மாலைப் பொழுதுக்குப் பதிவைத் திட்டமிட வேண்டும்.

மூன்றாவது வேலைதான் கடினம்: நம் அணியிடம் நிஜமாக என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. டியூக் அணி ‘பிரதர்ஹுட்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, பழைய வீரர்கள் புதியவர்களைத் தாங்கும் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2022இல் நைக்கியில் பணியாற்றிய ரேச்சல் பேக்கரைப் பொதுமேலாளராகவே கொண்டுவந்தார்கள். அவர்களிடம் அது செல்லும், ஏனென்றால் என்பிஏவில் ஆடும் முன்னாள் வீரர்கள் ஒரு படையே அவர்களுக்கு இருக்கிறது. இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம் உள்ள சின்னக் கல்லூரி அதே கறுப்புப் பின்னணியையும் அதே இடி இசையையும் போட்டால் பொய்யாகத்தான் தெரியும். விசிட்டுக்கு வருபவன் கண்ணால் பார்த்துவிடுவான்.

சின்ன அணியிடம் இருப்பது வேறு. ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் மூன்று புள்ளி எறிதலில் தடுமாறியவன், மூன்றாம் ஆண்டில் தொடக்க ஐவரில் ஒருவன். இரவு ஒன்பதரை மணிக்குப் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். பாதி விளக்குகள் அணைந்திருக்கும். அவன் எறிவான், உதவிக் கோச் வளையத்துக்கு அடியில் நின்று பந்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார். ஷூ தரையில் கிரீச்சிடும் சத்தம், வலை அசையும் சத்தம், ‘முழங்கை உள்ளே’ என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்வது. மேலே பாட்டு எதுவும் போடாதீர்கள். போனைச் செங்குத்தாகப் பிடித்து நாற்பது நொடி எடுங்கள். கோச்சின் சட்டையில் ஒரு சின்ன மைக் மாட்டினால் போதும். இங்கே என்னோடு ஒருவர் இந்த நேரத்திலும் நிற்பார் என்பதை ஒரு பையனுக்கு இதைவிடத் தெளிவாக எந்த விளம்பரமும் சொல்லாது.

எடுத்ததை அணியின் பக்கத்தில் போடுவதோடு வேலை முடியாது. நம் வீரர்களின் சொந்தக் கணக்குகள்தான் பெரிய வாய்க்கால். ஆட்டம் முடிந்த அன்று இரவே ஒவ்வொரு வீரருக்கும் அவரவர் படங்களும் துண்டு வீடியோக்களும் போய்ச் சேர வேண்டும். இன்ஃப்ளூயன்சர் என்று உச்சரிக்கும்படி பெயர் வைத்த ஒரு செயலி இதற்கென்றே 2017இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் இல்லாவிட்டால், ஆளுக்கொரு கூகுள் டிரைவ் ஃபோல்டர் போதும். 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனபின், பின்தொடர்பவர் எண்ணிக்கை அவர்களுக்கு வருமானம். 2025இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டின் உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஏறக்குறைய 2.05 கோடி டாலர். பணத்தில் நம்மால் போட்டி போட முடியாதபோது, ‘இங்கே வந்தால் உன்னை ஊருக்குத் தெரிய வைப்போம்’ என்பதைக் கணக்கோடு காட்டுங்கள். நம் வீரர் ஒருவரின் கணக்கு, அவர் வந்தபோது எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: மாணவ விசாவில் வரும் வெளிநாட்டு வீரருக்கு இந்த வருமானம் சிக்கலானது. அப்படி மாணவ விசாவில் இருந்த கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே, அணி 2022இல் பஹாமாஸ் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே என்பதால் அங்கே வைத்து ஒப்பந்த வேலைகளைச் செய்தார். வெளிநாட்டு வீரரின் குடும்பத்துக்கு இந்த உண்மையைச் சொல்லாமல் ஆசை காட்டுவது தவறு.

விசிட் நாளுக்கு வருவோம். சீருடை அளவை முன்பே கேட்டு வையுங்கள். விளக்குகளை அவன் வருமுன் நட்டுவிடுங்கள். அவனுக்கு முப்பது நிமிடம், குடும்பத்துக்குப் பத்து நிமிடம். தம்பி வந்திருந்தால் அவனுக்கும் ஒரு ஜெர்சி. முழங்காலுக்குக் கீழே தொங்கும், ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டப்போவது அந்தப் படமாகத்தான் இருக்கும். ஒருவர் எடுக்கும்போதே இன்னொருவர் வண்ணம் திருத்த வேண்டும். பதினைந்து நல்ல படங்கள் போதும், இருநூறு அனுப்பினால் எதையும் பார்க்க மாட்டான்.

தனிச்செய்தியில் அனுப்பும் கிராஃபிக் பற்றி என் அனுபவம் ஒன்று. நான் உதவியாளனாக இருந்த கல்லூரியில் ஒரு பையனுக்காக நள்ளிரவுவரை உட்கார்ந்து போஸ்டர் செய்தேன். குடும்பப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனது. நான் பார்க்கவில்லை, கோச்சும் பார்க்காமல் அனுப்பிவிட்டார். காலையில் அவன் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. சரியான பெயர் மட்டும், வேறு ஒரு சொல் இல்லை. அவன் வேறு கல்லூரிக்குப் போனான். காரணம் அதுதானா என்று சொல்ல முடியாது. அப்பா பெயரையும் தன் பெயரையும் இந்த நாட்டில் ஒவ்வொரு கவுன்டரிலும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும் தமிழனான எனக்கு அந்தப் பதில் எங்கே தைத்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து பெயரைக் குடும்பத்திடமே எழுதி வாங்குகிறேன்.

காலண்டரை முன்பே நிரப்புங்கள். 1971 அக்டோபர் 15, பயிற்சி தொடங்க அனுமதி உள்ள முதல் நாள் பிறந்ததுமே, நள்ளிரவு 12.03க்கு மேரிலேண்ட் கோச் லெஃப்டி டிரீசெல் வீரர்களை மைதானத்தில் ஓடவிட்டார். அதிலிருந்து பிறந்த ‘மிட்நைட் மேட்னஸ்’ இன்று கென்டக்கியிலும் கான்சாஸிலும் அக்டோபர்த் திருவிழா. பட்டியலில் உள்ள பையன்கள் அன்று அரங்கில் இருப்பார்கள். மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டித் தொடருக்கு வேறு தயாரிப்பு வேண்டும். 2022இல் ஜெர்சி சிட்டியின் சின்னஞ்சிறு செயின்ட் பீட்டர்ஸ் அணி கென்டக்கியை வீழ்த்தி, கடைசி எட்டு அணிகளுக்குள் நுழைந்த முதல் 15ஆம் தரவரிசை அணி ஆனது. நாடே அவர்களைத் தேடிய நாட்கள் இரண்டு வாரம்கூட இல்லை. சீசன் முடிந்ததும் கோச் சீட்டன் ஹாலுக்குப் போனார், முக்கிய வீரர்கள் பலரும் கிளம்பினார்கள். அப்படி ஒரு வாரம் நமக்கு வந்தால் அன்று உட்கார்ந்து வீடியோ வெட்ட நேரம் இருக்காது. ஊர், வளாகம், வகுப்பறை, வீரர் அறிமுகம் எல்லாம் பிப்ரவரியிலேயே தயாராக இருக்க வேண்டும்.

பலன் கிடைக்கிறதா என்று பார்க்க லைக்குகளை எண்ணாதீர்கள். ஸ்டோரியைப் பார்த்தவர்களில் பட்டியல் பெயர்கள் எத்தனை என்று தினமும் குறித்து வையுங்கள். விசிட்டுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும், ‘எங்களைப் பற்றி எதைப் பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வீடியோ பெரும்பாலும் நாம் பெருமைப்பட்ட வீடியோவாக இருக்காது. அந்த வகையில் இன்னும் பத்து எடுங்கள்.

பையன் கையெழுத்துப் போட்ட நிமிடம் நம் வாய்ப்பூட்டு திறக்கிறது, இனி நாமும் அறிவிக்கலாம். அதற்கான வீடியோ ஒரு வாரம் முன்பே முடிந்து, கோச் பார்த்து, ஃபோல்டரில் இருக்க வேண்டும். பதிவிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவன் அம்மா எழுதிக் கொடுத்த பெயரைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.