புகாரில் கோபம் வேண்டாம், தேதிகள் போதும்

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில். சமையலறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் உடைந்து மரத்தரை பாழானது. காப்பீட்டு நிறுவனம் வாரக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, நாள்பட்ட கசிவு என்று ஒற்றை வரியில் கிளெய்மை மறுத்தது. மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் கொடுத்தேன். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

துறை நீதிமன்றம் அல்ல. குழாய் திடீரென உடைந்ததா, மெல்லக் கசிந்ததா என்று அது தீர்ப்புச் சொல்லாது. நிறுவனம் சட்டப்படியும் பாலிசிப்படியும் நடந்துகொண்டதா என்றுதான் பார்க்கும். அதனால் மன உளைச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை.

விதியைக் காட்டிக் கேளுங்கள். நாம் பதில் கேட்டு எழுதினால் 15 நாளுக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும். இழப்புக்கான ஆதாரம் கிடைத்த 40 நாளுக்குள் கிளெய்மை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். அவகாசம் வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். மறுத்தால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்றும் குறிப்பிட வேண்டும். எனக்கு வந்த கடிதத்தில் எந்தப் பிரிவும் இல்லை. புகாரில் அதையே முதலில் வைத்தேன்.

ஒரே பக்கத்தில் தேதிவாரியாக எழுதுங்கள். போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டால் அதுவும் ஆதாரமாகிவிடும். பாலிசி, படங்கள், பிளம்பர் தந்த அறிக்கை எல்லாவற்றையும் இணையுங்கள்.

துறை அதிகாரி புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவார். 21 நாளுக்குள் அது முழுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைப் பாலிசியோடும் விதிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்து, முடிவை நமக்கு எழுதுவார். எங்கள் விஷயத்தில் நிறுவனம் கோப்பை மறுபடி திறந்தது, வேறோர் ஆய்வாளரை அனுப்பியது, தரைக்குப் பணம் தந்தது. அலமாரிகளுக்கான தொகையில் மட்டும் இழுபறி நீடித்தது. அதற்குப் பாலிசியிலேயே இரு தரப்பு மதிப்பீட்டாளர்களை வைத்துத் தீர்க்கும் வழி உண்டு.

சரியான கதவைத் தட்டுங்கள். கார், வீட்டுக் காப்பீடுகளுக்கு இந்தத் துறை. எச்.எம்.ஓ. மருத்துவத் திட்டங்களுக்கு மாநிலத்தில் தனித் துறை இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அந்தத் திட்டங்கள் 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ் வருபவை, மாநிலத்தின் கை அங்கே எட்டாது. உங்கள் திட்டம் எந்த வகை என்று ஹெச்.ஆரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

எந்த நிறுவனத்தின் மீது எத்தனை நியாயமான புகார்கள் என்று துறை ஒப்பீட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது இப்போதெல்லாம் பிரீமியத்துக்கு முன் அதைத்தான் பார்க்கிறேன்.