லாரி எஞ்சின் கொதிப்பது ஏன்? காரணம் அறிதலும் தீர்த்தலும்

சங்கத்தின் லாரியைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்கள் டிரைவரும் மெக்கானிக்கும் மட்டுமே என்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. சங்கத்தின் லாரி அங்கத்தினர் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து. சத்தியமங்கலத்திலிருந்து உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் லாரி நடுவழியில் கொதித்து நின்றுவிடுமாயின், மேலே தாளவாடியில் காய்கறிக் கூடைகளுடன் காத்திருப்போருக்கு அன்றைய சந்தை தவறிப்போகும். ஜவுளிக் கட்டுகளை ஏற்றிச் சென்ற லாரி நின்றுவிடினும் நட்டம் அவ்வாறே. எஞ்சின் பழுதுற்றுப் பெருஞ்செலவு நேருமாயின் அது சங்கத்தின் இலாபத்தையே கரைத்துவிடும்.

இத்தகைய நிலையில் கமிட்டியில் முதலில் எழும் கேள்வி, “யார் குற்றம்?” என்பது. கேட்க வேண்டிய கேள்வியோ, “வெப்பம் எங்கே தடைப்பட்டது?” என்பதாகும். அதற்கு விடை காணும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

வெப்பத்தின் வரவு செலவு

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பம் முழுவதும் வண்டியை இழுக்கப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ, சற்று அதிகமோதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும்பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சூழ்ந்த நீரே ஏற்று வெளியேற்றியாக வேண்டும். இங்கு நீர் என்று கூறுவது, கூலண்ட் கலந்த நீரையே.

வாட்டர் பம்பு இந்நீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. எஞ்சின் சூடேறும்வரை மூடியிருக்கும் தெர்மோஸ்டாட் என்னும் கதவு, சுமார் 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடில் திறந்து, சுடுநீரை மேற்குழாய் வழியே ரேடியேட்டருக்கு விடுகிறது. அங்குள்ள மெல்லிய குழல்களில் நீர் செல்கையில், விசிறி இழுக்கும் காற்று அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆறிய நீர் கீழ்க்குழாய் வழியே பம்பை மீண்டும் அடைகிறது. இச்சுற்றில் எவ்விடத்தில் தடை ஏற்படினும் எஞ்சின் கொதிக்கும்.

ரேடியேட்டரின் மூடியும் இச்சுற்றில் ஓர் உறுப்பே. அது உள்ளே அழுத்தத்தை நிறுத்தி, நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாதவாறு காக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே மலையேறும் லாரிக்கு நல்ல மூடி இன்றியமையாதது.

வழியில் செய்ய வேண்டுவன

வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் லாரியை ஓரமாக நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். நீர் ஒழுகாமலும், ஆவி பீறிடாமலும், பெல்ட் அறுந்துபோகாமலும் இருப்பின், சுமை இழுக்காத நிலையில் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிடலாம். பம்பும் விசிறியும் சூட்டை வெளியேற்ற அது உதவும். முள் மேலும் ஏறினாலோ, நீர் குறைந்திருந்தாலோ எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது. அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் பொங்கி முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். குறைந்தது அரைமணி நேரமேனும் பொறுத்திருந்து, மேற்குழாய் கையால் பிடிக்கத்தக்க அளவு ஆறிய பின்னரே, தடித்த துணியை மூடிமீது வைத்துச் சிறிது சிறிதாகத் திருக வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். எஞ்சின் ஆறிய பிறகே நீரைச் சிறுகச் சிறுக ஊற்றுதல் முறை.

எப்பொழுது கொதிக்கிறது?

காரணத்தை அறிய டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுவே. தாழ்ந்த கியரில் மெதுவாக மேடேறும்போது மட்டும் கொதித்தால், அங்கே காற்றை இழுப்பது விசிறி ஒன்றே ஆதலால், விசிறியையும் ரேடியேட்டரின் வெளிப்புறத்தையும் ஐயுற வேண்டும். சமவெளியில் வேகமாகச் செல்லும்போதும் கொதித்தால், காற்றுக்குக் குறைவில்லை. நீரோட்டத்தில் தடை இருக்கக்கூடும். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கொதித்தால் நீர்க்குறைவு, மூடியபடியே சிக்கிய தெர்மோஸ்டாட், பழுதான ஹெட் காஸ்கெட் ஆகியவற்றுள் ஒன்றைக் கருதலாம்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு மிகுந்ததை இறுதியிலும் செய்தல் வேண்டும்.

1. நீர் மட்டம்: எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் பார்க்க வேண்டும். குறைந்திருப்பின் ரப்பர்க் குழாய்கள், இணைப்புகள், பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றில் கசிவு உண்டா என ஆராய வேண்டும்.

2. பெல்ட்டும் விசிறியும்: சாதாரண பெல்ட் தளர்ந்தால் நழுவும், இறுக்க வேண்டும். வெடிப்பு விட்டிருந்தால் மாற்ற வேண்டும். விசிறியின் நடுவிலுள்ள கப்ளிங் பிசுக்கு எண்ணெயால் இயங்கும் வகையாயின், அதில் எண்ணெய் கசிந்த கறை உள்ளதா எனக் காண வேண்டும்.

3. ரேடியேட்டரின் வெளிப்புறம்: வைக்கோல் துணுக்கு, பஞ்சு, பூச்சி, மண் ஆகியவை அடைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, தகடுகள் மடங்காதவாறு மெல்லிய விசையில் நீரடித்துக் கழுவ வேண்டும்.

4. மூடி: ரப்பர் வளையம் கெட்டிருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, லாரிக்கு உரிய அதே அழுத்த அளவுள்ள புதிய மூடி போட வேண்டும்.

5. தெர்மோஸ்டாட்: எஞ்சின் சூடேறியும் மேற்குழாய் குளிர்ந்தே இருந்தால் கதவு திறக்கவில்லை என்று கருதலாம். அதைக் கழற்றிச் சுடுநீரில் இட்டால் அது திறப்பதையும் திறவாமையையும் கண்ணாலேயே காணலாம்.

6. ரேடியேட்டரின் உட்புறமும் பம்பும்: மேற்குழாய் மிகச் சூடாகவும் கீழ்க்குழாய் ஏறக்குறையக் குளிர்ந்தும் இருந்தால் உட்குழல்கள் அடைபட்டிருக்கலாம், அல்லது பம்பு நீரைத் தள்ளாதிருக்கலாம். வேகத்தை உயர்த்தும்போது கீழ்க்குழாய் உள்வாங்கிச் சப்பையானால், அக்குழாயையே மாற்ற வேண்டும்.

7. ஹெட் காஸ்கெட்: எஞ்சின் ஓடுகையில் நீர்த்தொட்டியில் இடைவிடாது குமிழிகள் எழுதல், எஞ்சின் ஆயில் பால்போல் வெளுத்தல், சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமை ஆகியன அடையாளங்கள். இவை தோன்றின் லாரியை ஓட்டுதல் ஆகாது.

8. பிற காரணங்கள்: அளவு மீறிய சுமை, விடுபடாமல் பிடித்திருக்கும் பிரேக், டீசல் செலுத்தும் நேரம் பிந்துதல் ஆகியனவும் வெப்பத்தை மிகுவிக்கும். எல்லாம் சரியாயிருந்தும் முள் ஏறுமாயின், வெப்பமானியே தவறாகக் காட்டுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்குட்பட்ட லாரிகளில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. சூடு மிகுந்தால் பல லாரிகளில் கம்ப்யூட்டர் தானே இழுவையைக் குறைத்துவிடும். அதனை டிரைவரின் சோம்பல் என்று கருதுதல் தவறு. மேலும், புகையின் ஒரு பகுதியைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் உள்ள எஞ்சினில் அக்கூலர் உள்ளுக்குள் ஒழுகினால், தரையில் ஒரு சொட்டும் விழாமலே நீர் குறைந்துகொண்டு போகும்.

தவிர்க்க வேண்டிய வைத்தியங்கள்

கொதிக்கும் லாரியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது சிலருடைய வழக்கம். இதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் டீசல் அதிகம் செலவாகும், தேய்மானமும் மிகும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியே சுற்றி முன்னிலும் அதிகமாகக் கொதிக்கும்.

ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரை ஊற்றுவதும் தீது. கடின நீரில் நூலுக்குச் சாயம் சரியாக ஏறாது என்பதை நெசவாளர் நன்கறிவர். வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் அதே உப்பு எஞ்சினுக்குள்ளும் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. லாரித் தயாரிப்பாளர் குறித்துள்ள கூலண்டை, அவர் குறித்துள்ள விகிதத்தில் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்ற வேண்டும். கூலண்டில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, இனிப்புச் சுவையுடையது. கழித்த நீரைக் கால்நடைகளும் குழந்தைகளும் அணுகும் இடத்தில் விடலாகாது.

நீருக்கும் கணக்கு வேண்டும்

ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் டீசல் கணக்கு லிட்டர் பிசகாமல் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். ஊற்றிய நீருக்குக் கணக்கு எழுதியிருப்பதை அரிதாகவே காண்கிறேன். பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு சங்கத்தில் ஹெட் காஸ்கெட் இருமுறை மாற்றப்பட்டதற்கான பில்கள் இருந்தன. இருமுறையும் லாரி மீண்டும் கொதித்தது. விசிறிக் கப்ளிங் செயலிழந்திருந்ததைப் பிறகு வந்த மெக்கானிக்கே கண்டறிந்தார். காஸ்கெட் கெட்டது உண்மை. அதைக் கெடுத்த காரணத்தை எவரும் தேடவில்லை.

எனவே வண்டிக் குறிப்பேட்டில் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய நீரின் அளவு, முள் ஏறிய இடம் ஆகிய நான்கையும் எழுதச் செய்ய வேண்டும். மூடியுள்ள சுற்றில் நீர் அடிக்கடி குறையலாகாது. ஒரு வாரம் அரை லிட்டரும் அடுத்த வாரம் ஒரு லிட்டரும் ஊற்ற நேர்ந்தால் கசிவு வளர்கிறதென்று பொருள். ரொக்கப் புத்தகத்தில் இருப்புக் குறைந்தால் அதே நாளில் காரணம் தேடுகிறோம் அல்லவா? இதற்கும் அம்முறையே பொருந்தும்.

இன்னுமொன்று. சரக்கு தாமதமாகும் என்று அஞ்சி, கொதிக்கும் லாரியை ஊர்வரை ஓட்டிவரும் டிரைவர்கள் உண்டு. அவ்வச்சம் பெரும்பாலும் கமிட்டியின் கண்டிப்பால் விளைவது. அந்தச் சில கிலோமீட்டர்களில்தான் ஒரு ரப்பர்க் குழாயோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, சிலிண்டர் ஹெட் வளைந்து பிஸ்டன் இறுகும் செலவாகப் பெருகுகிறது. முள் சிவப்பைத் தொட்டதும் லாரியை நிறுத்திய டிரைவர்மீது தாமதத்திற்காக நடவடிக்கை இல்லை என்று கமிட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றுதல் நலம். அத்தீர்மானத்துக்குச் செலவு ஏதுமில்லை. எஞ்சினைக் காப்பது அதுவே.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க

1. நம் லாரிக்குக் கடைசியாகக் கூலண்ட் மாற்றியது எந்தத் தேதியில்?

2. நீர் ஊற்றிய கணக்கு குறிப்பேட்டில் உள்ளதா? அதை மாதந்தோறும் பார்ப்பவர் யார்?

3. மேற்குழாய் சூடாகவும் கீழ்க்குழாய் குளிர்ந்தும் இருப்பின் எவ்வெவற்றை ஐயுற வேண்டும்?

4. வழியில் லாரியை நிறுத்தும் டிரைவர், மாற்று வண்டிக்கு யாரை அழைக்க வேண்டும் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டுள்ளதா?