நிம்மதி என்று நீ சொல்வது

மயிலாப்பூர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். திட்டுவதற்காக எழுதவில்லை. அடையாறில் இருப்பதா, இங்கே வருவதா என்பது உன் முடிவு; நான் தலையிடப் போவதில்லை. ஆனால் “தனியா இருந்தாத்தான் நிம்மதி” என்று உன் அப்பாவிடம் சொன்னாயாமே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி வந்த வெள்ளத்துக்குப் பிறகு, மழை இருட்டிக்கொண்டு வந்தாலே உனக்குக் கை நடுங்குகிறது. கதவைச் சாத்திக்கொண்டால் நடுக்கம் குறைகிறது. அந்தக் குறைவைத்தான் நிம்மதி என்கிறாய். பயந்துபோன மனசு முதலில் கேட்பதே ஒதுங்கி இருக்கத்தான். கேட்டதையெல்லாம் கொடுத்தால், இனி ஆபத்தில்லை என்று அது தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. பயம் அன்றைக்கு இருந்தபடியே உட்கார்ந்திருக்கும்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 2000-ல் உளவியலாளர் கிறிஸ் ப்ரூவினும் சகாக்களும் 77 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி ஏன் சிலரை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதற்குக் கிடைத்த காரணங்களில், பிறகு பக்கத்தில் ஆதரவாக ஆள் இல்லாமல் போனது முன்னால் நின்றது. நம் ஊரிலேயே, 2004 சுனாமியில் உறவைப் பறிகொடுத்தவர்களை இரண்டு மீனவக் குப்பங்களில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆராய்ந்தார். ஒரு குப்பத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்வந்தார்கள். மற்றதில் அது இல்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஆள் போய்வந்த இடத்தில் மனச்சோர்வு குறைவு. போனவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. இரண்டு குப்பத்தை வைத்து என்ன சொல்ல முடியும் என்பாய். போர்க்கால யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்த தயா சோமசுந்தரமும், குண்டு விழுந்ததோடு உறவும் ஊரும் சிதறியதும் ஒரு காயம் என்றே எழுதினார்.

வந்தால் எல்லோரும் நோண்டுவார்கள் என்பது உன் அடுத்த வாதம். நியாயம்தான். நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லவைப்பதால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வே சொல்கிறது. யாரும் உன்னைச் சொல்லச் சொல்ல மாட்டார்கள். அத்தை உட்பட, அதற்கு நான் பொறுப்பு. கவுன்சலரிடம் பேசுகிறேனே என்றால், நல்லது, நிறுத்தாதே. ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். அவருக்கு அதில் ஒன்று. மீதி 167-க்கு அந்த ஃப்ளாட்தான். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பால் பாக்கெட் கிரில்லில் மாட்டிய பையில் விழுகிறது, சாப்பாடு வாசலில் வைக்கப்படுகிறது, காசு போனில் போகிறது. ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் அங்கே வாழலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. தாத்தா வீட்டை இடிக்க உன் சித்தப்பா கையெழுத்துப் போட்டாரே, அன்றைக்கே நம் குடும்பம் தனித்தனிக் கதவுக்குள் போய்விட்டது. எங்களுடையதும் இப்போது ஃப்ளாட்தான், தெரியும். ஆனாலும் காலையில் பூக்காரி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், இஸ்திரிக்காரர் நலம் விசாரிக்கிறார். யாரும் உன் கதையைக் கேட்பதில்லை, நீ இருக்கிறாயா என்று மட்டும் பார்க்கிறார்கள். உனக்கு இப்போது வேண்டியது அவ்வளவுதான். கூடவே இருந்து காயப்படுத்தும் குடும்பங்களும் உண்டு, அங்கே விலகுவதுதான் சரி. நம்முடையது அந்த ரகம் இல்லை, சித்தப்பாவைத் தவிர.

ரொம்ப எழுதிவிட்டேன், கோபப்படாதே. நீ எங்கே இருந்தாலும் எங்கள் தங்கம்தான். இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது சாதாரண தைரியம் இல்லை. உள் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். ஒரு வாரம் இருந்து பார், பிடிக்காவிட்டால் நானே ஆட்டோ வைத்து அனுப்புகிறேன். ராத்திரி ரொம்ப முடியவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடு, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. எந்த நேரமானாலும் எடுப்பார்கள். எனக்கும் கூப்பிடலாம், நான் தூங்குவது கொஞ்சம்தான். சனிக்கிழமை மத்தியானம் வத்தக்குழம்பும் அப்பளமும். நீ வராவிட்டால் டிபன் கேரியரோடு நான் வருவேன், கதவை மட்டும் திற.

ஆசிகளுடன்,
பெரியம்மா