பயறு வண்டும் பீன்ஸ் விதையின் தற்காப்பும்

பயறு பத்தாயத்தில் சேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று குடியானவர் எண்ணுவதுண்டு. சில மாதங்களுக்குப்பின் திறந்து பார்க்கையில் மணிகளெல்லாம் துளைபட்டு, கையில் எடுத்தால் மாவாய் உதிர்வது பலருக்கும் அநுபவம். இந்நாசத்தைச் செய்வது பயறு வண்டு. வயலில் காய்கள் முற்றும்போதே அது முட்டையிடத் தொடங்குகிறது. பெண் வண்டு ஏறக்குறைய நூறு முட்டைகள் வரை விதைத்தோலின்மேல் ஒட்டிவைக்கும். புழு உள்ளே குடைந்து சென்று, மூன்று நான்கு வாரங்களில் வண்டாகி, வட்டமான துவாரத்தின் வழியே வெளிவருகிறது.

விதையிலுள்ள மாவுப்பொருளைப் புழு அப்படியே உட்கொண்டு பயனடைய இயலாது. அதைச் சிறு சர்க்கரைகளாக உடைப்பது அமிலேஸ் என்னும் நொதி. இதே பெயருடைய நொதி மனிதர் உமிழ்நீரிலும், பன்றியின் கணையத்திலும், முளைக்கும் விதையிலும் உண்டு. தொழில் ஒன்றே, ஆயினும் அமைப்பில் சிறு சிறு வேற்றுமைகள் உள்ளன.

அவ்வேற்றுமையின் பலனைப் பீன்ஸ் விதையில் காணலாம். அதிலுள்ள ஒரு புரதம் அமிலேஸின் வேலையைத் தடுக்கிறது என்பதை 1945-ல் போமன் என்னும் விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். இப்புரதம் நொதியின் வேலை நடக்கும் பள்ளத்தில் ஆப்பைப்போல் பொருந்தி அடைத்துக்கொள்கிறது. பயறு வண்டின் அமிலேஸ் இதற்குக் கட்டுப்படும். பன்றியின் கணைய அமிலேஸும் மனிதரின் உமிழ்நீர் அமிலேஸும் கட்டுப்படும். ஆனால் செடிகளின் அமிலேஸ் கட்டுப்படாது. ஆகவே பீன்ஸ் தன் விதையைக் காத்துக்கொண்டே தடையின்றி முளைக்கிறது.

மெக்ஸிகோ வண்டு என்னும் வேறோர் இனமோ இக்காவலைப் பொருட்படுத்தாமல் பீன்ஸை உண்கிறது. அதன் அமிலேஸை இப்புரதம் தடுப்பதில்லை. மெக்ஸிகோவின் காட்டுப் பீன்ஸ் சிலவற்றிலுள்ள மற்றொரு தடைப்புரதமோ அவ்வண்டின் அமிலேஸைத் தடுக்கும். பன்றியின் அமிலேஸைத் தொடாது. பூட்டுக்கேற்ற சாவிபோல் ஒவ்வொரு நொதிக்கும் அதற்கேற்ற தடை வேண்டும். பீன்ஸின் இக்குணத்தைப் பட்டாணியில் புகுத்தி, பயறு வண்டை எதிர்க்கும் விதை பெற்றதாக 1994-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

இதனால் அறியவேண்டியவை மூன்று. முதலாவது, ஒரு வண்டை எதிர்க்கும் ரகம் எல்லா வண்டுகளையும் எதிர்க்கும் என்று நம்பலாகாது. விதை சிபாரிசு செய்யும் கிராம அதிகாரிகள், எவ்வண்டை எதிர்ப்பது என்று கேட்டறிதல் அவசியம். இரண்டாவது, வண்டைத் தடுப்பது நம் ஜீரணத்தையும் தடுக்கக்கூடும். பீன்ஸ் விதையை ஊறவைத்து, அந்நீரை வடித்து, புதுநீரில் நன்றாகக் கொதிக்கவைத்தால் தடைப்புரதம் கெடும். பச்சையாக மனிதர்க்கோ பன்றிக்கோ கொடுக்கலாகாது. அதில் வேறு நச்சுப் புரதமும் உண்டு. மூன்றாவது, தட்டைப்பயறு, பாசிப்பயறு இவற்றின் பெரும்பாலான ரகங்களில் இத்தகைய காவல் போதாது. ஆதலின் கைக்காவலே துணை.

காய்கள் முற்றியவுடன் தாமதியாது அறுவடை செய்க. பல்லில் கடித்தால் நொறுங்கும்வரை வெயிலில் காயவைத்து, பழைய தானியத் தூசி நீக்கிய பாத்திரத்தில் இறுக மூடிவைக்க. உணவுக்கான சிறிதளவு பயற்றில் சமையல் எண்ணெய் சிறிது புரட்டிவைப்பின் முட்டைகள் அழியும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தல் நலம். ஒரு துவாரம் கண்டபோதே கவனித்தால், அடுத்த பருவத்து விதை தப்பும்.