தூண்டில்காரர் பக்கம்: பைக்கும் விராலும்

கேள்வி: கனடாவில் டொரண்டோ நகரத்தில் குடியேறியிருக்கும் என் மைத்துனர் வருகிற ஆடி மாதம் குடும்பத்தோடு எங்கள் காப்பித் தோட்டத்துக்கு வந்து தங்கப்போகிறார். அங்கே விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஏரிக்கரைக்குப் போய் வால்ஐ, நார்தர்ன் பைக் என்னும் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. ஏற்காட்டு ஏரியில் அந்த மீன்கள் உண்டா? இல்லையென்றால் குஞ்சுகளைத் தருவித்து விடலாமா? அதுவும் ஆகாதென்றால் அவரை எங்கேதான் அழைத்துக்கொண்டு போவது?
(காப்பித் தோட்டக்காரர் ஒருவர், கரடியூர்)

பதில்: முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்பதும், இரண்டாவதற்குக் ‘கூடாது’ என்பதும் விடை. மூன்றாவதற்குத்தான் சற்று விஸ்தாரமாக எழுத வேண்டியிருக்கிறது.

பைக் என்பது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய குளிர்ந்த பிரதேசங்களுக்கு உரிய மீன். வாத்தின் அலகு போலத் தட்டையாக நீண்ட வாயும் அதனுள்ளே நெருக்கமான கூர்ப்பற்களும் கொண்டு, பாசிக்கொத்துகளின் நடுவே ஆடாமல் அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் சிறு மீனை ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொள்ளும் சுபாவமுடையது. வால்ஐ மீனை உங்கள் மைத்துனர் பிக்கரல் என்றும் சொல்லக்கூடும். ஒண்டாரியோ மாகாணத்தில் அந்தப் பெயரே அதிகமாக வழங்குகிறது. அதன் கண்ணுக்குள்ளே வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மற்ற மீன்களுக்குப் பார்வை மங்குகிற அந்தி வேளையிலும் விடியற்காலையிலும் அது சௌகரியமாக இரை தேடுகிறது. இரண்டுமே பனிக்கட்டி உருகி நீர் மெல்ல வெதுவெதுப்படையும் வசந்த காலத்தின் தொடக்கத்தில் முட்டையிடுபவை. ஆகையால்தான் அங்கே பிக்கரல் பிடிப்பதற்கு வசந்தத்தில் தடை விதித்து, மே மாதத்தில் மறுபடியும் திறந்துவிடுகிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டில் மார்கழி மாதத்தில் நாம் கம்பளி தேடுவது மெய்யே. ஆனால் நம்முடைய மார்கழி அந்த மீன்களுக்கு வசந்தமாகக்கூடப் போதாது.

குளிர்நாட்டு மீனை நம் மலைகளில் வளர்க்கும் ஆசை புதிதன்று. மீனியல் அறிஞரான டாக்டர் பிரான்சிஸ் டே 1863-ஆம் ஆண்டிலேயே நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். எச். சி. வில்சன் என்பவரின் பிரயத்தனத்தால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்ட பிறகே அந்த மீன் நீலகிரியின் ஓடைகளில் வேரூன்றியது. அவையும் 2,000 மீட்டருக்கு ஏறக்குறைய உள்ள உயரத்தில், வேகமாக ஓடுகிற குளிர்ந்த நீரில் மாத்திரமே தழைத்தன. சேர்வராயன் மலையின் சிகரத்தில் கோயில் கொண்டிருக்கும் சேர்வராயரே 1,623 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறார் என்னும்போது, அவருக்குக் கீழேயுள்ள ஏரியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

வெளிநாட்டு மீனைத் தருவிப்பதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் ஒருபுறமிருக்க, வேட்டை மீனை அதற்கு உரியதல்லாத நீரில் விடுவதன் பலாபலனை அமெரிக்காவே நமக்குக் காட்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் ஏரி என்றொரு நீர்த்தேக்கம். அதில் யாரோ ஒருவர் தம் சொந்த இன்பத்துக்காக நார்தர்ன் பைக்கை இரகசியமாக விட்டுவைத்தது 1994-இல் வெளிப்பட்டது. அந்த மீன் ஆற்று வழியே கீழே இறங்கி, மாகாணத்தின் சால்மன் மீன்களையே தின்றுவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள், 1997-இல் ஏரி முழுவதும் மருந்தைக் கலந்து, அதிலிருந்த மீன்களைக் கூண்டோடு கொன்றார்கள். அதைக் குடிநீராகக் கொண்டிருந்த ஊரார் கொதித்தெழுந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் இரண்டே ஆண்டில் பைக் மறுபடியும் தலைகாட்டியது. 2007-இல் நீர்மட்டத்தைத் தாழ்த்தி இரண்டாம் முறையும் மருந்திட வேண்டியதாயிற்று. ஒரு தூண்டில்காரரின் ஆசைக்கு ஓர் ஊர் கொடுத்த விலை அது. ஏற்காட்டு ஏரியும் மூடிவைத்த தொட்டியன்று. நிரம்பினால் வழிகிறது, வழிந்த நீர் கிளியூர் அருவியாக விழுந்து கீழே போகிறது. குளிர்நாட்டு மீன் இங்கே பிழைக்காது என்பது நம் அதிர்ஷ்டம். பிழைக்கக்கூடிய வேறொன்றை யாராவது கொண்டுவரும்போது அந்த அதிர்ஷ்டம் துணைக்கு வராது.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஏற்காட்டு ஏரி படகில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவரத் தகுந்த இடம். மைத்துனரின் மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு, அவரை மட்டும் 20 கொண்டையூசி வளைவுகளையும் தாண்டிக் கீழே அழைத்து வாருங்கள். மேலே அவர் தேடுவது இல்லை. ஆனால் அதன் சுபாவத்தை அச்சாக உடைய இரண்டு ஜீவன்கள் சமவெளியில் இருக்கின்றன. பைக்கின் ஸ்தானத்தில் விரால்; பிக்கரலின் ஸ்தானத்தில் வாளை. ஒன்றுக்கொன்று உறவு கிடையாது, குலம் வேறு, கோத்திரம் வேறு. தொழில் மட்டும் ஒன்று.

விராலைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். வாளைக்கு மேட்டூர். வானம் தெளிந்த நாளில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையிலிருந்து பார்த்தால் தூரத்தே பளபளக்கும் நீர்ப்பரப்பு அதுதான். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்து, அப்போதைய கவர்னரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று வழங்குவது. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. நீர் கொள்வது. அதில் வாழும் கட்லாவையும் ரோகுவையும் வலைக்காரர்கள் கொண்டாடட்டும். தூண்டில்காரருக்கு வாளைதான் தகுந்த எதிரி. செதிலற்ற வெள்ளி உடம்பு, கண்ணுக்கும் பின்னால்வரை பிளந்த வாய், முன்புறம் நீண்ட மீசை, ஓர் ஆளின் இடுப்புக்கு மேல் வரக்கூடிய நீளம். பகலில் ஆழத்திலும் கரையோரக் குடைவுகளிலும் சோம்பிக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகே புறப்படும். குறுந்தொகையில் ஆலங்குடி வங்கனார், வயலோரத்து மாமரத்திலிருந்து உதிர்ந்த கனியைக் கவ்வும் வாளையைப் பாடியிருக்கிறார். மாம்பழம் தின்னும் வாளையை நான் பார்த்ததில்லை. ஆனால் நீரில் விழுவது எதுவாயினும் முதலில் வாயில் போட்டுக்கொண்டு பிறகு யோசிக்கிற ஜந்து அது என்பதில் புலவருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆடிப் பெருக்கையொட்டிப் புதுத் தண்ணீர் வந்து நீர் கலங்கிக் கிடக்கும்போது, கண்ணை நம்பும் மீன்கள் பட்டினி கிடக்க, மீசையால் துழாவும் வாளைக்கு விருந்து. மைத்துனர் பைக்குக்குப் பயன்படுத்தும் கம்பி முன்நரம்பை மறவாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் தங்கூசியை வாளையின் பற்கள் அறுத்துவிடும்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். மேட்டூரில் மீன்பிடி உரிமை மீன்வளத்துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் சென்று வலை விரிக்கிறார்கள். மூக்கனேரி முதலிய சேலத்து ஏரிகளிலும் ஊர்ப்புறக் கண்மாய்களிலும் பெரும்பாலும் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுகிறது. கனடாவில் உரிம அட்டை வாங்காமல் தூண்டில் போடத் துணியாத மனிதர் இங்கே வந்து குத்தகைக்காரரைக் கேளாமல் போட்டால் அது திருட்டே. கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஒரு வேளை டீயும் வாங்கிக் கொடுப்பார்கள். அணையை ஒட்டிய தடைப் பகுதியில் மாத்திரம் யார் சொன்னாலும் இறங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் விரால் நிறைய இருக்கிறது, மண்புழு போட்டால் குறவையும் கெளுத்தியும்தான் மாட்டுகின்றன. விரால் பிடிக்கும் முறை என்ன?
(கல்லூரி மாணவர் ஒருவர், சேலம்)

பதில்: மண்புழு சின்ன வாய்க்கு உரிய ஆகாரம், விரால் அசைவைக் கண்டு பாயும் மீன். தாமரை இலை, ஆகாயத்தாமரை, கோரை ஆகியவை அடர்ந்திருக்கும் ஓரமாகப் பார்த்து, காலை வெயில் ஏறுமுன் போய் உட்காருங்கள். உட்கார்ந்தவுடன் தூண்டிலை வீச வேண்டாம், நீரைப் பார்த்துக்கொண்டிருங்கள். விராலுக்குச் செவுள் மாத்திரம் போதாது. சிறிது நேரத்துக்கொரு முறை மேலே வந்து காற்றைக் குடித்தே தீரவேண்டும். இலைகளுக்கிடையே ‘குபுக்’ என்று ஓர் ஓசையும், அதைத் தொடர்ந்து விரியும் ஒரு வட்டமும் காணப்பட்டால் அங்கேதான் அது இருக்கிறது. வட்டத்துக்கு ஓரிரு முழம் அப்பால் இரையை விழவிட்டு, இலைமேல் தத்தித் தத்தி இழுத்துவாருங்கள். நீர் வெடித்தாற்போல் எழும்பும். அந்தக் கணத்தில் பதறிச் சுண்டினால் வெறும் முள்தான் திரும்பும். இரையை உள்ளே வாங்கிக்கொண்டு நரம்பு இறுகும்வரை பொறுத்து, பிறகு பலமாகச் சுண்டவேண்டும். பாசிக்குள் புகுந்துவிட்டால் மீட்பது கஷ்டமாகையால் கெட்டியான கழியும் தடித்த தங்கூசியும் அவசியம்.

நம் பெரியவர்கள் உயிர்த் தவளையை முள்ளில் கோத்தார்கள். இப்போது ரப்பர்த் தவளை கடைகளில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். வயற் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் பிராணி என்பதனாலேயே 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தியது. மேலும், முள்ளில் துடிக்கும் தவளையைப் பார்த்துக்கொண்டு காலை வேளையைக் கழிப்பது எனக்கு ரசிப்பதில்லை.

கற்றுக்கொடுக்கும்போது கண்டிக்கவும் வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஏரியின் மேற்பரப்பில் செந்நிறப் பொடி தூவினாற்போல் ஒரு கூட்டம் ஒன்றாக நகர்ந்துகொண்டிருப்பதைக் காண்பீர்கள். அது விரால் குஞ்சுகள். அவற்றுக்குச் சற்றுக் கீழே தாய் தந்தை காவலாக வருகின்றன. அந்தச் சமயத்தில் கூட்டத்தின் நடுவே எதைப் போட்டாலும், பசியால் அல்ல, குஞ்சுகளைக் காக்கும் ஆத்திரத்தால் அவை பாய்ந்து கவ்விவிடும். இதைச் சாமர்த்தியம் என்று எண்ணிச் செய்கிறவர்கள் உண்டு. பெற்றோரைத் தூக்கிவிட்டால், அடுத்த நாளே குறவையும் கொக்கும் குஞ்சுகளைத் துப்புரவாக முடித்துவிடும். ஒரு மீன் பிடித்தவர் உண்மையில் அந்த ஆண்டின் விளைச்சலையே பிடுங்கிக்கொண்டார். ஏரியில் விரால் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இவர்களே. சிவப்புக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுங்கள்.

இம்மாதிரிக் குளத்து மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதைப் பற்றி மேலும் படிக்க விரும்பினால், சென்னை ராஜதானியில் சிவில் அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1887-இல் ‘டாங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். நதி மீன்களைப் பற்றி அவர் 1873-இல் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’தான் பிரசித்தம், எனக்கென்னவோ நம் ஏரிக்கரை வாசகருக்குக் குளத்தைப் பற்றிய புத்தகமே அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

கேள்வி: ஒகேனக்கல் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மகசீர் மீன் பிடித்ததாக என் தாத்தா சொல்லுவார். இது உண்மையாயிருக்குமா? இப்போது முயலலாமா?
(வாசகர் ஒருவர், மேட்டூர்)

பதில்: தாத்தாவைச் சந்தேகிக்க வேண்டாம். மைசூரில் மிருகங்களைப் பாடம் செய்வதில் புகழ்பெற்ற வான் இங்கென் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் காவிரியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு எடையிருந்தது. முதுகு திமில் போல் உயர்ந்த அந்தக் காவிரி மகசீர் இன்னதென்று விஞ்ஞானிகள் முடிவாகத் தீர்மானித்ததும், அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென்று அறிவிக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், அதாவது 2018-இல் நிகழ்ந்தன. வெடி வைத்தல், மணல் அள்ளுதல், ஆற்றை அணைகளால் துண்டாடுதல், வேறிடத்து மகசீர்க் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு காவிரியில் கொட்டுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரியை ஒட்டிய காடுகள் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது குற்றம். வெளியே தற்செயலாக மாட்டினாலும், தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதே நாகரிகம் என்கிறார்கள். ஜிலேபிக் கெண்டையையும் அப்படி விடவேண்டுமா?
(வாசகி ஒருவர், ஏற்காடு)

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. 1952-இல் ஆப்பிரிக்க இனமான இதனை மண்டபத்துக்குக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து அது நம் ஏரிகளையெல்லாம் தன்னுடையதாக்கிக்கொண்டு, நாட்டுக் கெண்டைகளின் ஆகாரத்தில் பங்கு கேட்டு வருகிறது. அதை விட்டுவிடுவதில் புண்ணியம் எதுவும் இல்லை. செதிலை நன்றாகச் சுரண்டி, வயிற்றுக்குள்ளே இருக்கும் கறுப்புத் தோலை உரித்து (சேற்று வாசனைக்கு அதுவே காரணம் என்பார்கள்), மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து இரண்டு முறை அலசி, மிளகாய்த்தூள், பூண்டு, புளிக்கரைசல் சேர்த்து அரை மணி ஊறவைத்துத் தோசைக்கல்லில் பொரித்தெடுங்கள். சின்ன மீனாயிருந்தால் முழுசாகவே போடலாம்.